கல் பெறாதோர்

இறந்தவன் பெயர் தெரிந்தால் அழுகைக்கு ஒரு பிடி கிடைக்கும். அவன் ஊரைச் சொல்லி அழலாம். அவ்வூர் ஆற்றைச் சொல்லி அழலாம். அவன் ஈந்ததையும் சிரித்ததையும், அவன் போனபின் முற்றம் வெறிச்சோடியதையும் சொல்லி அழலாம். தமிழில் கையறுநிலை பாடியோர்க்கு அந்தப் பேறு வாய்த்திருந்தது. மாண்டவன் இன்னான் என்பதை நாடறியும். நாட்டிய கல்லில் பெயரும் பீடும் நின்றன. நான் அழ எடுத்துக்கொண்டவர்கள் அப்பேறு அற்றவர்கள். அமெரிக்க ஐக்கிய நாடும் மெக்சிகோவும் முட்டிக்கொள்ளும் சொனோராப் பாலையில், அரிசோனாவின் தென்கோடியில், கடந்த முப்பது ஆண்டுகளில் உயிரற்றுக் கிடந்து எடுக்கப்பட்டோர் 4,000 பேருக்கும் மேல். அவர்களுள் 1,000 பேருக்கும் மேற்பட்டோர் யார் என்று இன்றுவரை எவரும் அறியார். டூசான் நகரத்துப் பிணஆய்வு நிலையம் அவர்களுக்கு ஆளுக்கொரு எண் தந்திருக்கிறது. இடைவாரின் உட்புறத்தில் எழுதிய ஒரு தொலைபேசி எண், ஒரு செபமாலை, ஒரு புனிதரின் படம், வெயிலில் வெளுத்த சில எலும்புகள்: இவ்வளவே ஒருவரின் எச்சம்.

எண்ணை விளித்து அழும் மரபு தமிழில் இல்லை. ஆயினும் பாலையைத் தமிழ் அறியும். பொருள் தேடிப் பிரிந்தோர் நீரற்ற சுரத்தில் நடப்பதும், நடந்தோர் வீழ்வதும், வீழ்ந்தோர்மேல் தழையும் கல்லும் இட்டு மூடிய பதுக்கைகள் வழியெங்கும் நிற்பதும், அவற்றைக் கண்டு பின்வருவோர் நெஞ்சு நடுங்குவதும் நம் பழம்பாடல்களில் ஒரு திணைக்கே உரியவை. இவர்களும் பொருள்வயிற் பிரிந்தோரே. ஓஹாகாவின் மலையூர்களிலிருந்தும், சியாபாசிலிருந்தும், குவாத்தமாலாவிலிருந்தும், ஒந்துராசிலிருந்தும் வந்தார்கள். நம் நாட்டிலிருந்து போன ஒரு தாய் தண்ணீர் தேடிச் சென்ற பொழுதில் அவள் சிறுமகள் அப்பாலையில் உயிர்விட்டாள். ஆகவே உறவு கேளாமல் அழ எனக்கும் உரிமை உண்டு.

அந்த நிலம் கொடியதாய்ப் பிறக்கவில்லை. குளிரில் ஒரு மழையும் கோடை முடிவில் ஒரு மழையும் பெறும் பாலை அது. அங்கே சவாரோ என்னும் நெடுங்கள்ளி வளர்கிறது. முதல் பத்தாண்டில் ஓரிரு அங்குலமே உயரும்; ஐம்பது, எழுபது ஆண்டு கழிந்தே முதற்கிளை விடும்; நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் நின்று வாழும். அந்நிலத்தின் தொன்மக்களான தொஹோனோ ஓதாம்கள் சவாரோவைச் செடி என்று கொள்வதில்லை. மாந்தர் என்றே கொள்வர். கோடை முதிரும் ஜூன், ஜூலையில் நீண்ட கழி கொண்டு அதன் செம்பழம் பறித்து, பாகு காய்ச்சி, கள்ளாக்கிப் பருகி, பாட்டால் மழையை அழைப்பர். அவர்க்குப் புத்தாண்டும் அப்போதுதான். பாபோகிவரி மலையின் குகையில் அவரைப் படைத்த இயிதோய் உறைகிறான். கலிபோர்னியா வளைகுடாவில் உப்பெடுத்துவர அவர்தம் இளைஞர் நோன்பிருந்து நடந்த தொன்மையான வழி இப்பாலையின் ஊடே போகிறது. அவ்வழியில் கீட்டோபாக்கீட்டோ என்னும் ஊற்று இருக்கிறது. நீர் இருக்கும் இடம் அறிந்தவர்க்கும், அறிந்த இடத்துக்குப் போகவிடப்பட்டவர்க்கும், பாலையும் வீடாக இருந்தது.

பிறகு கோடு வந்தது. மெக்சிகோவைப் போரில் வென்ற ஐக்கிய நாடு, 1848 பிப்ரவரி 2 அன்று குவாடலூப் இதால்கோ உடன்படிக்கையில் அந்நாட்டின் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொண்டது. 1853-இல் ஜேம்ஸ் காட்ஸ்டன் என்ற தூதர் ஹீலா ஆற்றுக்குத் தெற்கே கிடந்த நிலத்துக்கும் விலை பேசி முடித்தார். அடுத்த ஆண்டு ஒப்புதலானபோது விலை ஒரு கோடி டாலர். விற்றவர் மெக்சிகோவின் அதிபர் சாந்தா ஆனா. விற்கப்பட்ட மண்ணில் குடியிருந்த ஓதாம்களை ஒருவரும் கேட்கவில்லை. ஐக்கிய நாட்டு அளவர் வில்லியம் எமரியும் மெக்சிகோவின் ஹோசே சாலசார் இலாரெகியும் விண்மீன் பார்த்து, சங்கிலி இழுத்து, குன்றுகளின்மேல் கற்குவியல் எழுப்பிப் போனார்கள். 1890-களில் இரு நாடுகளும் மீண்டும் அளந்து, எல் பாசோ தொடங்கிப் பசிபிக் கடல்வரை 258 எல்லைத் தூண்களை எண்ணிட்டு நிறுத்தின.

நம்மவர் வழக்கில் ஒருவன் வீழ்ந்தபின் அவ்விடத்தில் கல் நட்டார்கள். இங்கே கல் முந்தியது, சாவு பிந்தியது. கோட்டுக்குக் கல்லும் எண்ணும் கிடைத்தன. கோட்டின் பொருட்டு மாண்டோர்க்குப் பின்னாளில் எண் மட்டும் கிடைத்தது.

நெடுங்காலம் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாததாகவே இருந்தது. நோகாலெஸ் என்ற பெயரில் இரண்டு ஊர்கள், நடுவே ஒரு தெரு. தெருவின் ஓர் ஓரம் வட நாடு, மறு ஓரம் தென் நாடு. இங்கே விருந்துண்டு அங்கே உறங்கினார்கள். 1918 ஆகஸ்டில் அத்தெருவில் துப்பாக்கிச் சண்டை மூண்டு இருபுறமும் உயிர்கள் போனபின் அங்கே வேலி எழுந்தது. மற்ற இடங்களில் முதலில் வந்தது மாடுகளுக்கான முள்கம்பி. 1971 ஆகஸ்டில், பசிபிக் கரையில் 258-ஆம் தூண் நிற்கும் இடத்தில், அதிபரின் மனைவி பேட் நிக்சன் ஒரு பூங்காவைத் திறந்துவைத்தார். முள்கம்பியைத் தாண்டிப் போய் எதிர்ப்புறத்து மக்களின் கையைப் பற்றினார். இவ்வேலி நெடுநாள் இராது என்று விரும்பினார். நட்புப் பூங்கா என்று அதற்குப் பெயர். அந்த விருப்பத்தின்மேல் இன்று முப்பதடிச் சுவர் நிற்கிறது.

1994-ஐ நான் அழுது கடக்க வேண்டும். அவ்வாண்டு ஜனவரி முதல் நாள் வட அமெரிக்கத் தடையில்லா வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. வட நாட்டு மக்காச்சோளம் மலிவு விலையில் தெற்கே இறங்கியது. தெற்கே அதை விளைவித்து வாழ்ந்த சிறு உழவர் நிலத்தை விட்டு எழுந்தார்கள். தானியம் எல்லை கடக்கலாம் என்று வழி திறந்த அதே ஆண்டில், தானியத்தால் வறுமையுற்றவன் கடக்கலாகாது என்று வழி அடைக்கப்பட்டது. வியட்நாம் போரில் விமானம் இறங்குவதற்காகச் சேற்றின்மேல் விரித்த எஃகுத் தகடுகள் கிடங்குகளில் மிச்சம் கிடந்தன. 1990-களின் தொடக்கத்திலேயே அவற்றைச் செங்குத்தாக நிறுத்திச் சான் டியேகோவின் எல்லையில் சுவராக்கியிருந்தார்கள். ஒரு போர் முடிந்து கிடந்த இரும்பு, போர் தொடுக்காத மக்களுக்கு எதிராக எழுந்து நின்றது.

எல்லைக் காவற்படையின் அவ்வாண்டுத் திட்டம் எழுத்தில் இருக்கிறது. எல் பாசோ, சான் டியேகோ போன்ற ஊர்ப்புறங்களை இறுக அடைத்தால், வருவோர் கொடிய நிலத்துக்குத் தள்ளப்படுவர்; அந்நிலத்துக்கு அஞ்சி வருகை குறையும் என்பது அதன் கணிப்பு. ஆளற்ற அப்பெருவெளியில் கடப்போர்க்கு உயிராபத்து நேரலாம் என்பதையும் அத்திட்டமே எழுதிவைத்திருக்கிறது. அஞ்சிக் குறைவர் என்ற கணிப்பு பொய்த்தது. பசி அச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. உயிராபத்து என்ற கணிப்பு பலித்தது. 1990-களின் தொடக்கத்தில் டூசான் பிணஆய்வு நிலையத்துக்கு எப்போதோ ஒன்றாக வந்த உடல்கள், 2000-க்குப் பின் ஆண்டுக்கு நூறாய், நூற்றைம்பதாய் வந்தன.

எப்படி நடந்தார்கள் என்று கேளுங்கள். வெயிலில் பளபளத்துக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று கறுப்பு நிறக் குடுவையில் நீர் எடுத்தார்கள். அடிச்சுவடு பதியக் கூடாதென்று காலணிக்கு மேலே கம்பளத் துணியால் தைத்த உறை மாட்டினார்கள். நிழல் 40 பாகைக்கு மேல் கொதிக்கும் ஜூன் மாதத்தில், ஐந்து நாள், ஏழு நாள் வழிக்கு வேண்டிய நீரை எந்தத் தோளும் சுமக்காது. இரண்டாம் நாளில் குடுவை வறண்டது. கால் புண்பட்டவன் பின்தங்கினான். பின்தங்கியவனை விட்டுக் கூட்டம் போயிற்று. தடம் பதியாமல் நடந்தவர்களைத் தேடி வந்தோர், தடம் இன்மையால் கண்டடையாமல் திரும்பினார்கள். காணாமற்போன மகனை எந்தத் திசையில் நின்று அழைப்பது என்று கூடத் தெரியாத தாய்மார் தெற்கே எத்தனை பேர்!

மதிலைத் தமிழ் வெறுத்ததில்லை. நொச்சி சூடி மதில் காத்தோரையும் உழிஞை சூடி மதில் முற்றியோரையும் ஒருங்கே பாடிய மொழி இது. உள்ளே நின்றவன் கையில் வேல். வெளியே நின்றவன் கையிலும் வேல். மதிலுக்குள் ஊர் இருந்தது. ஊருக்குள் குளமும் களஞ்சியமும் குழந்தைகளும் இருந்தன. அவற்றைக் காத்தமையால் மதிலுக்கு மாண்பு வந்தது. நான் சொல்லும் சுவர் எதையும் சூழவில்லை. அதன் வடக்கே கள்ளி, தெற்கேயும் அதே கள்ளி. கூரை தாங்காது, அறை ஆகாது, நிழலைக் கூட ஒருவர்க்கும் உவந்து தராது. எதிரே வருகிறவன் கையில் நீர்க்குடுவை இருக்கிறது. உடலை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பதற்காகவே மனிதன் கட்டக் கற்றான். அந்தக் கலையின் அளவுகோலையும் கான்கிரீட்டையும் எஃகையும் பொறியாளரையும் கூட்டி, உடலை வெயிலுக்குள் தள்ளுவதற்கென்றே ஒன்றைக் கட்டியதுதான் இந்நூற்றாண்டின் பெருங்கேடு. அது கட்டடக்கலைக்கே நேர்ந்த சாவு. அதற்கும் சேர்த்தே அழுகிறேன்.

அதன் உருவத்தைச் சொல்கிறேன். ஆறங்குலச் சதுர எஃகுக் குழல்கள், உள்ளே கான்கிரீட், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கங்குல இடைவெளி, முப்பதடி உயரம், உச்சியில் கை பற்ற இடமில்லாத ஐந்தடித் தகடு. அந்த நான்கங்குலத்தின் வழியே பார்வை போகும்; குரல் போகும்; கை போகும். தாயும் மகளும் ஒருவரையொருவர் கண்டும் கேட்டும் தொட்டும் நிற்கலாம். தழுவிக்கொள்ள மட்டும் முடியாது. முப்பதடியிலிருந்து வீழ்வதற்கும் கணக்கு இருக்கிறது. சான் டியேகோவில் சுவர் அவ்வளவுக்கு உயருமுன் 2016 முதல் 2018 வரை, சுவரிலிருந்து விழுந்து அந்நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 67 பேர். உயர்ந்தபின் 2019 முதல் 2021 வரை 375 பேர். முன்னைய மூன்றாண்டில் விழுந்து மாண்டவர் ஒருவரும் இல்லை; பின்னைய மூன்றாண்டில் 16 பேர். இப்போது எஃகுக்குக் கறுப்புச் சாயம் பூச ஆணை பிறந்திருக்கிறது. வெயிலில் காய்ந்து, தொடும் கையைச் சுட வேண்டுமாம். கொல்லுலை போலக் காய்ந்து நிற்பதே அச்சுவரின் அணி!

இதைச் சட்டம் தடுக்கவில்லையா? தடுக்கும் என்று தெரிந்தே சட்டத்தை முதலில் அகற்றினார்கள். 2005-இல் இயற்றிய ஒரு சட்டப் பிரிவு, எல்லைத் தடுப்புக்காக எந்தச் சட்டத்தையும் ஒதுக்கிவைக்கும் உரிமையை உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஒருவரிடமே ஒப்படைத்தது. 2006-இல் ஏறத்தாழ 700 மைலுக்கு வேலி எழுப்பும் சட்டத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். 2008-இல் அமைச்சர் மைக்கேல் செர்டாஃப் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்களை ஒருசேர ஒதுக்கினார். நீரைக் காக்கும் சட்டமும், அருகிவரும் உயிர்களைக் காக்கும் சட்டமும், தொன்மக்களின் இடுகாடுகளைக் காக்கும் சட்டமும் அவற்றுள் அடங்கும். கட்சி மாறியும் அந்த அதிகாரம் மாறவில்லை. 2023-இல் பைடன் அரசும் டெக்சாசில் சுவர் கட்ட இருபத்தாறு சட்டங்களை ஒதுக்கியது. உயிரோடிருப்போர்க்கும் இறந்தோர்க்கும் சட்டம் தந்த காவலை விலக்கிய பின்பே சுவரின் முதற்குழி தோண்டப்பட்டது.

இனி ஊற்றே, உன்னிடம் வருகிறேன். கீட்டோபாக்கீட்டோவே, உன்னைச் சூழ்ந்த நிலம் 1937 முதல் ஆர்கன் பைப் கள்ளிக் காப்பகம். 1976 முதல் யுனெஸ்கோ ஏற்ற உயிர்க்கோளக் காப்பிடம். கட்டைவிரல் நீள மீனொன்றும் சேற்றாமையொன்றும் உன்னை நம்பி உயிர்தாங்குகின்றன. உன் கரையில் ஓதாம் முன்னோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 2020-இல் உன் அருகிலே எஃகு நட வந்தார்கள். கான்கிரீட் குழைக்க அவ்வட்டாரத்து நிலத்தடி நீரை எடுத்தார்கள். அக்கோடையில் உன் குளம் வற்றிச் சேறு வெளிப்பட்டது. வறட்சி என்றார்கள், கரைக்கசிவு என்றார்கள். அவையும் இருந்திருக்கலாம். வறட்சிக் காலத்தில் பாலையின் நீரை உறிஞ்சிச் சுவருக்கு ஊட்டியதும் நடந்தது. பல தலைமுறைகள் உப்புவழி நடந்தோர்க்கு நீ தந்த நீரில் ஒரு பங்கு, நடப்போரை மறிக்கும் கல்லாய் இறுகிற்றோ என்று உன் மக்கள் கலங்கினார்கள்.

குன்றே, உன்னையும் சொல்ல வேண்டும். மான்யுமென்ட் ஹில் என்று வந்தவர்கள் உனக்குப் பெயரிட்டார்கள். ஓதாம்களோடு பொருது வீழ்ந்த அப்பாச்சி வீரர்கள் உன்னிடத்தில் புதைக்கப்பட்டதை ஓதாம்கள் சொல்கிறார்கள். பகைவன் பிணத்துக்கும் இடம் தந்து, அவ்விடத்தைப் புனிதமெனக் காத்த மக்கள் அவர்கள். 2020 பிப்ரவரி 26 அன்று தொஹோனோ ஓதாம் தலைவர் நெட் நாரிஸ் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து முன்னோர் இடத்துக்காக மன்றாடினார். அதே நாளில் உன்மேல் வெடி வைத்தார்கள். நூறாண்டு நின்ற சவாரோக்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மாந்தராகக் கொள்ளப்பட்டவை அவை. ஓதாம்கள் அவற்றுக்காக அழுதது உறவுக்காக அழும் அழுகை.

விலங்குகளும் கோட்டை அறிந்துகொண்டன. 2011 முதல் 2015 வரை அரிசோனா மலைகளில் திரிந்த சிறுத்தையினப் பெருவிலங்கான ஜாகுவார் ஒன்று, 2021-இல் சொனோராவில் மீண்டும் காணப்பட்டது. அது கடந்துபோன வழிகள் இன்று ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. 2021-இன் இறுதியில் நியூ மெக்சிகோவில் ஒரு சாம்பல் ஓநாய் துணை தேடித் தெற்கே வந்து, சுவரைக் கண்டு, ஒரு திறப்புக்காக நாள்கணக்கில் அதனை ஒட்டியே நடந்து, திரும்பிப் போயிற்று. அதன் கழுத்துப்பட்டைக் கருவி அந்த நடையைப் பதிந்துவைத்திருக்கிறது. வெள்ளத்துக்கு மட்டும் சுவர் வழிவிட்டது: 2011-இல் ஓர் இரவுப் பெருமழை, ஆர்கன் பைப் பாலையில் நாற்பதடி வேலியைப் புரட்டிக் கிடத்தியது.

கையற்ற நிலையிலும் கை நீட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லாமல் அழுகை முடியாது. டூசானில் 2000-இல் தொடங்கிய ஹியூமேன் பார்டர்ஸ் அமைப்பினர் பாலையில் நீர்த்தொட்டிகளை வைத்து, தொலைவிலிருந்து தெரிய உயரத்தில் நீலக்கொடி பறக்கவிட்டார்கள். ஓவியர் அனா தெரேசா ஃபெர்னாண்டெஸ் 2011-இல் திஹுவானாக் கடற்கரையில் வேலிக் கம்பிகளுக்கு வான்நீலம் தீட்டினார். தீட்டிய பகுதி வானோடு கலந்து கண்ணுக்கு மறைந்தது. கட்டடக்கலைஞர் ரொனால்டு ராயலும் வர்ஜீனியா சான் ஃப்ராடெல்லோவும் 2019 ஜூலையில் எஃகுக் குழல்களின் இடுக்கில் மூன்று இளஞ்சிவப்பு ஏற்ற இறக்கப் பலகைகளைச் செருகினார்கள். இப்பக்கக் குழந்தை தாழ அப்பக்கக் குழந்தை உயர்ந்தது. ஒரு புறம் நிகழ்வது மறுபுறத்தைத் தாக்காமல் இராது என்பதை எல்லையே உடலால் உணர்ந்தது. ஒரு மணி நேரம் கூட நீடிக்காத அவ்விளையாட்டை, கட்டடக்கலை தன் மானத்தை மீட்ட பொழுதாகவே நான் எண்ணுகிறேன்.

இன்னொருவர் ஆல்வாரோ என்சிசோ; கொலம்பியாவில் பிறந்து டூசானில் வாழும் முதிய கலைஞர். உடல் கிடைத்த இடங்களைச் செம்புள்ளியாகக் காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. அதைக் கையில் கொண்டு, வாரந்தோறும் பாலைக்குள் நடந்து, ஒவ்வொரு புள்ளியிலும் தாம் செய்த மரச்சிலுவையை நடுகிறார். ஆயிரத்துக்கும் மேல் நட்டுவிட்டார். புள்ளிகளோ இன்னும் மிகுதி. பெயர் எழுதப் பெயர் தெரியாத இடங்களிலும் நட்டார். நாம் நடுகல் என்று அறிந்ததை, அம்மரபு அறியாமலே அவர் செய்துகொண்டிருக்கிறார். இரு அரசுகள் கோட்டுக்கு நிறுத்திய தூண்கள் 258. ஒரு முதியவர் மாந்தர்க்கு நிறுத்தியவை அவற்றினும் பன்மடங்கு. எதிர்கால ஞாலம் அந்நிலத்தை எக்கற்களால் அறியவேண்டுமென்று என்னைக் கேட்டால், அவர் நட்டவற்றால் என்பேன்.

ஆயினும் கட்டுதல் நிற்கவில்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் சுவருக்கென்று 4,650 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. நாடு தன் எல்லையைக் காப்பது தவறா என்று கேட்பார்கள். தவறில்லை. யார் வருகிறார் என்று அறிவதும், வாயிலில் நிறுத்திக் கேட்பதும், ஏற்பதும் மறுப்பதும் அரசின் உரிமை. மறுக்கப்பட்டவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அந்த வரம்பைக் கடந்த காவல் காவலாகாது. வாயிலைச் சுருக்கி, வழியைக் கொல்லும் நிலத்துக்குத் திருப்பி, பின்பு நிலம் கொன்றது என்று கை கழுவுவது செங்கோன்மை அன்று. நீதி தவறிய அரசன் தன் தவற்றைக் கேட்ட கணத்தில் உயிர்விட்டதாகச் சொல்லும் நாட்டிலிருந்து இதைச் சொல்கிறேன்.

பிணஆய்வு ஏடுகளில் இறப்பின் காரணம் என்ற கட்டத்தில், வெப்பத்துக்கு உள்ளானமையால் என்று எழுதியிருக்கிறது. மருத்துவர் பொய் எழுதவில்லை. உடல் சொன்னதை எழுதினார். அதை முழு உண்மையாகக் கொள்வது நம் குற்றம். வெப்பம் அப்பாலையில் பல்லாயிரம் ஆண்டாக இருக்கிறது. சவாரோவும் ஓதாமும் ஆமையும் மீனும் அதன் கீழே வாழ்ந்தன. 1994-க்குமுன் எப்போதோ ஒருவரைக் கொன்ற வெயில், அதன்பின் ஆண்டுக்கு நூறு பேரைக் கொன்றதென்றால், மாறியது வெயில் மட்டுமா? வழி மாறியது, வழியை மாற்றியது திட்டம், திட்டத்துக்குக் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, செலவுக்கணக்கு இருக்கிறது. இறந்தோர் பெயர்களை நம்மால் எழுத முடியவில்லை. வழியை அடைத்தோர் பெயர்கள் அரசின் ஏடுகளில் அழியாமல் இருக்கின்றன. பாலையின் கணக்கில் எழுதிய அந்த 4,000 உயிர்களையும் அங்கிருந்து எடுத்து அவர்கள் கணக்கில் எழுதுங்கள்.